மின்னஞ்சலுக்கு நிறமிடுதல்: வகைகளும் ஸ்கிரிப்டுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவுட்லுக், ஜிமெயில், தண்டர்பேர்டு, ஆப்பிள் மெயில் ஆகிய நான்கிலும் வரும் மின்னஞ்சல்களைத் தானாகவே நிறம் பிரித்துக் காட்டச் செய்யலாம். வரும் மின்னஞ்சலைத் தானாகக் கையாளும் விதிகளை அமைத்துப் பழகியவர்களும், சிறிய ஸ்கிரிப்ட் (குறுநிரல்) ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர்களும் வழக்கமாக எழுப்பும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

நிறம் உண்மையில் எங்கே சேமிக்கப்படுகிறது?

பெரும்பாலான குழப்பங்கள் இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாததால் வருபவை. அவுட்லுக்கில் ஒரு மின்னஞ்சலை ‘அவசரம்’ என்ற வகையில் சேர்த்தால், அந்த மின்னஞ்சலோடு சேமிக்கப்படுவது ‘அவசரம்’ என்ற பெயர் மட்டுமே. சிவப்பு என்ற செய்தி அதில் இல்லை. எந்தப் பெயருக்கு எந்த நிறம் என்பதை அஞ்சல்பெட்டிக்குரிய முதன்மை வகைப் பட்டியல் தனியே வைத்திருக்கிறது. பட்டியலில் ‘அவசரம்’ என்பதன் நிறத்தை நீலமாக மாற்றினால் பழைய மின்னஞ்சல்கள் அனைத்தும் அந்த நொடியே நீலமாகிவிடுவது இதனால்தான். பட்டியலிலிருந்து பெயரை நீக்கினாலோ மின்னஞ்சலில் பெயர் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் போய்விடும். ஸ்கிரிப்ட் எழுதியவர் ‘அவசரம்’ என்பதற்குப் பதிலாக இறுதியில் ஓர் இடைவெளி விட்டு எழுதிவிட்டாலும் இதே கதைதான்: வகை இருக்கிறது, நிறம் இல்லை. நிறம் வரவில்லை என்ற புகார் எழும்போது முதலில் பார்க்க வேண்டியது ஸ்கிரிப்டை அல்ல, பட்டியலிலுள்ள பெயரையே.

தண்டர்பேர்டிலும் அமைப்பு இதை ஒத்ததே. ஐமேப் கணக்கில் (மின்னஞ்சல்கள் சர்வரிலேயே இருக்கும் கணக்கு) முதல் டேக், அதாவது நிறக் குறி, ‘டாலர் லேபிள் 1’ ($label1) என்ற குறிச்சொல்லாகச் சர்வரில் பதிகிறது. அதற்குரிய தமிழ்ப் பெயரும் நிறமும் அந்தக் கணினியின் அமைப்புகளில் மட்டுமே இருக்கின்றன. ஆகவே இரண்டு கணினிகளில் பயன்படுத்துபவர் இரண்டிலும் டேக்குகளை ஒரே மாதிரி வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஜிமெயிலில் லேபிளும் அதன் நிறமும் கணக்கோடு சேர்ந்தே சேமிக்கப்படுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

வகை, லேபிள், டேக், கொடி எல்லாம் ஒன்றுதானா?

நோக்கம் ஒன்று, நடத்தை வேறு. அவுட்லுக்கின் நிற வகைகள் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தவை. ஒரு மின்னஞ்சலுக்குப் பல வகைகளைச் சேர்க்கலாம், தேர்ந்தெடுக்க 25 நிறங்கள் உண்டு. ஜிமெயிலின் லேபிள் அங்கே கோப்புறையின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஜிமெயிலில் ‘விளம்பரங்கள்’, ‘சமூகம்’ என்று 2013இல் வந்த தாவல்களும் வகைகள் என்றே அழைக்கப்படுகின்றன. நிறமிடுதலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆப்பிள் மெயிலின் கொடிகள் ஏழு நிறங்களில் கிடைக்கின்றன, ஆனால் ஒரு மின்னஞ்சலில் ஒரே நேரத்தில் ஒரு கொடிதான் இருக்க முடியும்.

விதிகளே நிறமிடும்போது ஸ்கிரிப்ட் எதற்கு?

பெரும்பாலானோருக்குத் தேவையில்லை என்பதே நேர்மையான விடை. அனுப்புநர் யார், தலைப்பில் என்ன சொல் இருக்கிறது, எனக்கு நேரடியாக வந்ததா நகலாக வந்ததா என்பன போன்றவற்றை வைத்து நிறமிடுவதற்கு விதி அல்லது ஃபில்டர் போதும். இவற்றுக்கும் ஸ்கிரிப்ட் எழுதுவது பராமரிக்க வேண்டிய ஒன்றை வீணாகக் கூட்டிக்கொள்வதாகும்.

ஆனால் விதிக்கு ஒரு பெரிய குறை உண்டு: அது ஒரு மின்னஞ்சலை அது வந்து சேரும் கணத்தில் ஒரு முறை மட்டுமே பார்க்கிறது. காலையில் ‘பதில் தர வேண்டும்’ என்று ஆரஞ்சு நிறம் பெற்ற மின்னஞ்சலுக்கு மதியம் பதில் அனுப்பிவிட்டால், அந்த ஆரஞ்சு நிறத்தை நீக்க விதி திரும்பி வராது. நாம் அனுப்பிய மின்னஞ்சலுக்கு மூன்று நாட்களாக மறுமொழி இல்லை என்பதையும் விதி அறியாது, ஏனெனில் வராத மின்னஞ்சல் எந்த விதியையும் தூண்டுவதில்லை. சில வாரங்களில் இன்பாக்ஸ் முழுவதும் பழைய நிறங்களால் நிரம்பிவிடுகிறது. பிறகு கண் அவற்றைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது. நிறமிடும் ஏற்பாடுகள் பெரும்பாலும் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

நிறத்தை ஏற்றும் வேலையை விதியிடமும், நிலை மாறும்போது அதை மாற்றும் அல்லது இறக்கும் வேலையை ஸ்கிரிப்டிடமும் ஒப்படைப்பதே என் பரிந்துரை. இந்தப் பக்கத்தின் பிற விடைகளும் இந்தப் பிரிவினையை ஒட்டியே அமைந்துள்ளன.

எத்தனை நிறங்கள் வைத்துக்கொள்ளலாம்?

25 நிறங்கள் கிடைக்கின்றன என்பதற்காக 25ஐயும் பயன்படுத்தியவர்கள் விரைவில் ஒவ்வொரு நிறத்துக்கும் பொருள் தேடும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். நான்கு அல்லது ஐந்தே போதும். அதைவிட முக்கியமானது, நிறம் எதைக் குறிக்கிறது என்பது. அனுப்புநருக்கு ஒரு நிறம், திட்டத்துக்கு ஒரு நிறம், துறைக்கு ஒரு நிறம் என்று தொடங்கினால் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும்; அதோடு அந்தச் செய்திகள் அனுப்புநர் பெயரிலும் தலைப்பிலும் ஏற்கெனவே கண்முன் இருப்பவை. நிறம், மின்னஞ்சலைத் திறக்காமல் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்? ‘பதில் தர வேண்டும்’, ‘மறுமொழிக்குக் காத்திருப்பு’, ‘படித்தால் போதும்’, ‘கெடு நெருங்குகிறது’ என்ற நான்கு நிலைகள் அலுவலகப் பணிகளில் பெரும்பாலானவற்றை அடக்கிவிடும். பொருள்வாரியாகப் பிரிக்க வேண்டுமென்றால் நிறமில்லாத வகைகளையும் லேபிள்களையும் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தேடலுக்கு அவை உதவும், கண்ணை உறுத்தமாட்டா.

அவுட்லுக்கில் ஸ்கிரிப்டை எங்கே எழுதுவது, எப்போது இயங்கச் செய்வது?

விண்டோஸுக்கான பழைய அவுட்லுக்கில் விபிஏ என்ற நிரல்மொழி உள்ளடங்கியிருக்கிறது. ஆல்ட் விசையுடன் எஃப் 11ஐ அழுத்தினால் அதன் எடிட்டர் திறக்கும். அங்கே ‘திஸ் அவுட்லுக் செஷன்’ என்ற பகுதியில் நிகழ்வுகளுக்கான நிரலை எழுத வேண்டும்.

புதிய மின்னஞ்சல் வரும்போது தூண்டப்படும் ‘நியூ மெயில் எக்ஸ்’ என்ற நிகழ்வையே பலரும் முதலில் நாடுகிறார்கள். அது புதிதாக வந்தவற்றின் அடையாளக் குறியீடுகளைத் தருகிறது; ஒவ்வொன்றையும் எடுத்து, அது மின்னஞ்சல்தானா, கூட்ட அழைப்பா என்று சோதித்துவிட்டு வகையைச் சேர்க்கலாம். கணினியில் இயங்கும் விதிகள் செயல்படுவதற்கு முன்பே இந்த நிகழ்வு எழுகிறது என்பதை நினைவில் கொள்க. ஸ்கிரிப்ட் ஒரு வகையைச் சேர்த்த பின் விதி அதே மின்னஞ்சலை வேறு கோப்புறைக்கு நகர்த்தினால், இன்பாக்ஸில் நீங்கள் அதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு கோப்புறையில் உருப்படி சேரும்போது எழும் ‘ஐட்டம் ஆட்’ என்ற நிகழ்வும் உண்டு. ஒரே நேரத்தில் அதிக எண்ணிக்கையில் மின்னஞ்சல்கள் சேரும்போது அது எழுவதில்லை. விடுமுறை முடிந்து திரும்பும் நாளில்தான் இந்தக் குறை வெளிப்படும்.

ஆகையால் வருகையை நம்பியிருக்காமல், குறிப்பிட்ட இடைவெளியில் இன்பாக்ஸைச் சுற்றிப் பார்த்து நிறங்களைச் சரிசெய்யும் ஒரு நிரலை எழுதுவது மேல். அவுட்லுக் விபிஏவில் நேரங்காட்டி உள்ளடங்கியதாக இல்லை. அவுட்லுக் திறக்கும்போது எழும் தொடக்க நிகழ்விலும், திரும்பத் திரும்ப வரும் ஒரு பணி நினைவூட்டலின் நிகழ்விலும் இந்த நிரலைக் கோத்துவிடுவது பலரும் கையாளும் வழி. நினைவூட்டலின் தலைப்பை நிரல் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கூட்ட நினைவூட்டலுக்கும் அது இயங்கும். அவுட்லுக் மூடியிருக்கும்போது இவற்றில் எதுவும் இயங்காது.

மேக்ரோக்கள் (விபிஏவில் எழுதிய நிரல்கள்) இயங்கவே இல்லையென்றால் பாதுகாப்பு அமைப்பு தடுத்திருக்கக்கூடும். கையொப்பமிடாத மேக்ரோக்களை அவுட்லுக் இயல்பாகவே முடக்கிவைக்கிறது. பாதுகாப்பைத் தளர்த்துவதைவிட, ஆஃபிஸோடு வரும் ‘செல்ஃப்செர்ட்’ கருவியால் சொந்தச் சான்றிதழ் ஒன்றை உருவாக்கி நிரலில் கையொப்பமிடுவது நல்லது.

விதி அமைக்கும் இடத்தில் ‘ஸ்கிரிப்டை இயக்கு’ என்ற தெரிவு காணப்படவில்லையே?

2017இல் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அந்தத் தெரிவை இயல்பாக மறைத்துவிட்டன. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதைத் திரும்பக் கொண்டுவரலாம். பணியிடக் கணினியில் அதற்கு நிர்வாகியின் ஒப்புதல் வேண்டும். மேலே சொன்ன சுற்றிப் பார்க்கும் நிரல் இருந்தால் இது தேவைப்படாது.

ஸ்கிரிப்ட் இயங்கியதும் நான் கையால் சேர்த்த வகைகள் அழிந்துவிடுகின்றன. ஏன்?

அவுட்லுக் ஒரு மின்னஞ்சலின் வகைகள் அனைத்தையும் பிரிப்புக்குறி இட்ட ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) வைத்திருக்கிறது. நிரலில் அந்தப் பண்புக்கு ‘அவசரம்’ என்று மதிப்பளித்தால், ஏற்கெனவே இருந்த சரம் முழுவதும் அழிந்து ‘அவசரம்’ மட்டும் நிற்கும். சரியான முறை, இருக்கும் சரத்தைப் பிரித்து, வேண்டிய பெயர் அதில் இல்லையென்றால் மட்டும் சேர்த்து, மீண்டும் ஒன்றாக்கிச் சேமிப்பதாகும். சேமிக்கும் கட்டளையை விட்டுவிட்டால் திரையில் தெரிந்த நிறம் நிலைக்காது.

இங்கே இரண்டு நுணுக்கங்கள் உண்டு. பிரிப்புக்குறி எப்போதும் காற்புள்ளி அல்ல. விண்டோஸின் வட்டார அமைப்பில் பட்டியல் பிரிப்பான் எதுவோ அதுவே இங்கும் பயன்படுகிறது. ஆகவே ஒரு கணினியில் ஒழுங்காக இயங்கிய நிரல் அரைப்புள்ளி அமைப்பு கொண்ட இன்னொரு கணினியில் தவறும். மற்றொன்று, பெயரை முழுமையாக ஒப்பிட வேண்டும். சரத்துக்குள் ‘பதில்’ இருக்கிறதா என்று மட்டும் தேடினால் ‘பதில் அனுப்பியாயிற்று’ என்ற வகையும் பொருந்திவிடும்.

விபிஏ எடிட்டரில் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக மாறிவிடுகிறது. என்ன செய்வது?

அந்த எடிட்டர், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு காலத்துக்கு முந்தைய எழுத்துக் குறியாக்கங்களையே புரிந்துகொள்கிறது. விண்டோஸின் பழைய குறியாக்கப் பட்டியலில் தமிழுக்கு இடமில்லாததால், ஒட்டிய தமிழ்ச் சொல் கேள்விக்குறி வரிசையாகிறது. அவுட்லுக்கின் வகைப் பட்டியலுக்கோ விபிஏவின் சரங்களுக்கோ இந்தக் குறை இல்லை; குறை எடிட்டரில் மட்டுமே. ஆகவே தமிழ் எழுத்துகளை நிரலில் நேரடியாக எழுதாமல், எண்ணிலிருந்து யூனிகோடு எழுத்தை உருவாக்கும் உட்செயற்கூற்றைக் கொண்டு சொல்லை அமைக்கலாம். தமிழ் எழுத்துகள் 2944 முதல் 3071 வரையுள்ள எண்களுக்குள் அடங்கும். ஐந்து வகைகளுக்கு இப்படி எழுத்து எழுத்தாக அடுக்குவது அலுப்பூட்டும் வேலை. அதைவிட எளிய வழி, பெயர்களை யூடிஎஃப் 8 குறியாக்கத்தில் ஓர் உரைக் கோப்பில் வைத்து, நிரல் தொடங்கும்போது அங்கிருந்து படித்துக்கொள்வது. பெயரை மாற்ற நேர்ந்தாலும் நிரலைத் தொட வேண்டியிருக்காது.

தலைப்பில் தமிழ்ச் சொல் இருந்தும் சில மின்னஞ்சல்கள் நிரலின் பிடியில் அகப்படுவதில்லை. ஏன்?

‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், நிரலுக்கு அவை வெவ்வேறு. ‘கோ’, ‘கௌ’ ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். அனுப்புநர் பயன்படுத்தும் தட்டச்சு முறையைப் பொறுத்து ‘கோரிக்கை’ என்ற சொல் எந்த வடிவிலும் வரலாம். ஒப்பிடுவதற்கு முன் இருபுறமுள்ள சரங்களையும் யூனிகோடு இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீரும். ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் அதற்குச் செயற்கூறு உண்டு. விபிஏவில் மூன்று இணைகளையும் நீங்களே பதிலீடு செய்துவிடலாம். ‘ௌ’ குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பையும் ‘ள’ எழுத்தையும் இட்டு எழுதியிருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது. அந்த வடிவத்தையும் தேடல் சொற்களில் சேர்த்துவிட வேண்டியதுதான்.

புதிய அவுட்லுக்குக்கு மாறினால் என் மேக்ரோக்கள் இயங்குமா?

இயங்கமாட்டா. விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கில் விபிஏவுக்கும் ‘காம்’ (COM) என்ற பழைய தொழில்நுட்பத்தில் அமைந்த இணைப்புநிரல்களுக்கும் இடமில்லை. சேர்த்த வகைகள் அஞ்சல்பெட்டியில் இருப்பதால் அவை தொடர்ந்து தெரியும். அவற்றைச் சேர்க்கும் இயந்திரம்தான் மாற வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 கணக்குக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: நிரல் எழுத விரும்பாதவர்களுக்குப் பவர் ஆட்டோமேட் என்ற தானியங்கிக் கருவி, விரும்புபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கிராஃப் ஏபிஐ (நிரல்கள் அஞ்சல்பெட்டியை அணுகும் இடைமுகம்). கிராஃபில் ஒரு மின்னஞ்சலின் வகைகள் பெயர்களின் வரிசையாகக் கிடைப்பதால் பிரிப்புக்குறித் தொல்லை இல்லை. நிறங்களைச் சிவப்பு, நீலம் என்று சொல்லாமல் ‘பிரீசெட் 0’ முதல் ‘பிரீசெட் 24’ வரையிலான பெயர்களால் குறிக்க வேண்டும். கிராஃப் வழியாக ஒரு வகையின் நிறத்தைப் பின்னர் மாற்றலாம், பெயரை மாற்ற முடியாது. எனவே பெயரைத் தீர்மானித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஜிமெயிலில் இதை எப்படிச் செய்வது?

கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இதற்கு மிகவும் ஏற்றது. நிரல் கூகுளின் சர்வரில் இயங்குவதால் உங்கள் கணினி திறந்திருக்க வேண்டியதில்லை. ‘மின்னஞ்சல் வந்ததும் இயங்கு’ என்ற தூண்டல் அதில் கிடையாது. நேர அடிப்படையிலான தூண்டல்தான் உண்டு. நிலையைச் சுற்றிப் பார்க்கும் நிரலுக்கு அதுவே போதும்.

பயனுள்ள ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ‘பதில் தர வேண்டும்’, ‘மறுமொழிக்குக் காத்திருப்பு’ என்று இரண்டு லேபிள்களை உருவாக்கி நிறமளித்துவிடுங்கள். நிரல், கடந்த இரண்டு வாரங்களில் வந்த உரையாடல்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் கடைசி மின்னஞ்சலை அனுப்பியவர் யார் என்று பார்க்கட்டும். நீங்கள்தான் கடைசியாக எழுதியவர் என்றால் ‘பதில் தர வேண்டும்’ லேபிளை நீக்கிவிட வேண்டும். எழுதி மூன்று நாட்கள் கடந்திருந்தால் ‘மறுமொழிக்குக் காத்திருப்பு’ லேபிளைச் சேர்க்க வேண்டும். கடைசியாக எழுதியவர் வேறொருவர் என்றால், முதலில் ‘மறுமொழிக்குக் காத்திருப்பு’ நீங்க வேண்டும். அந்த மின்னஞ்சல் உங்களுக்கு நேரடியாக முகவரியிடப்பட்டிருந்தால் மட்டும் ‘பதில் தர வேண்டும்’ சேர வேண்டும். இருபது, முப்பது வரிகளுக்குள் இதை எழுதிவிடலாம். எந்த ஃபில்டராலும் இதைச் செய்ய முடியாது.

அனுப்புநர் புலத்தில் முகவரியோடு பெயரும் சேர்ந்து வரும் என்பதால், முழு ஒப்பீடு செய்யாமல் முகவரி அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்று முகவரிகள் வைத்திருந்தால் அவற்றையும் சேர்த்துச் சோதியுங்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்டின் வழக்கமான ஜிமெயில் சேவையில் லேபிள் உரையாடல் முழுமைக்கும் சேர்கிறது. உள்ளே இருக்கும் ஒரே ஒரு மின்னஞ்சலுக்கு மட்டும் வேண்டுமென்றால் ஜிமெயில் ஏபிஐயை நாட வேண்டும்.

தூண்டலை ஒவ்வொரு நிமிடமும் இயங்க வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். சாதாரணக் கணக்கில் தூண்டல்கள் இயங்கக்கூடிய மொத்த நேரம் நாளொன்றுக்கு 90 நிமிடங்கள். ஒரு நாளில் 1440 நிமிடங்கள். ஒவ்வொரு முறையும் நிரல் 4 நொடிகள் எடுத்துக்கொண்டாலே 96 நிமிடங்கள் ஆகிவிடும், நாள் முடிவதற்குள் நிரல் நின்றுவிடும். 15 அல்லது 30 நிமிடங்களுக்கு ஒருமுறை போதுமானது. ஒரு தடவை இயங்கும் நேரத்துக்கும் 6 நிமிட வரம்பு உண்டு.

லேபிளின் நிறத்தையே ஸ்கிரிப்டால் மாற்ற முடியுமா?

வழக்கமான சேவையால் முடியாது. ஆப்ஸ் ஸ்கிரிப்டில் மேம்பட்ட ஜிமெயில் சேவையை இயக்கிக்கொண்டால் முடியும். பின்னணி நிறம், எழுத்து நிறம் இரண்டையும் கூகுள் அனுமதித்துள்ள தட்டிலிருந்து மட்டுமே தர வேண்டும். விருப்பப்பட்ட வேறு நிற எண்ணைத் தந்தால் பிழைச்செய்திதான் கிடைக்கும். நிறங்களைக் கையால் ஒரு முறை அமைத்துவிட்டு நிரலை லேபிளோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

சொந்த சர்வரும் தண்டர்பேர்டும் பயன்படுத்துகிறேன். எனக்கு எது ஏற்றது?

உங்கள் சர்வர் சீவ் என்ற வடிகட்டு மொழியை ஏற்குமானால் அதிலிருந்து தொடங்குங்கள். சீவ் 2008இல் ஆர்எஃப்சி 5228 ஆகவும், குறிச்சொற்களைச் சேர்க்கும் அதன் நீட்டிப்பு அதே ஆண்டில் ஆர்எஃப்சி 5232 ஆகவும் வெளியாயின. மின்னஞ்சல் பெட்டிக்குள் விழும்போதே சர்வர் ‘டாலர் லேபிள் 1’ போன்ற குறிச்சொல்லைச் சேர்த்துவிடுவதால், நீங்கள் எந்தக் கணினியில் தண்டர்பேர்டைத் திறந்தாலும் நிறம் தயாராக இருக்கும். தண்டர்பேர்டின் ஐந்து இயல்பு டேக்குகளையும் 1 முதல் 5 வரையிலான விசைகளால் கையாலும் இடலாம். 0 அவற்றை நீக்கும்.

சீவும் வருகையில் ஒரு முறை மட்டுமே பார்க்கும். நிறத்தை இறக்குவதற்கு, சர்வரிலோ எப்போதும் இயங்கும் வேறு கணினியிலோ பைத்தானின் ஐமேப் நூலகத்தைக் கொண்டு எழுதிய சிறு நிரல் ஒன்றைக் குறித்த நேரத்தில் இயங்கச் செய்யலாம். தொடங்கும் முன், புதிய குறிச்சொற்களை நிலையாகச் சேமிக்க சர்வர் இடந்தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; கோப்புறையைத் திறக்கும்போது சர்வர் தரும் நிலையான கொடிகளின் பட்டியலில் அது தெரியும். ஜிமெயில் கணக்கைத் தண்டர்பேர்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: தண்டர்பேர்டு டேக் ஜிமெயில் லேபிளாக மாறாது.

ஆப்பிள் மெயிலில்?

விதிகளிலேயே நிறமிடும் செயலும், ஆப்பிள்ஸ்கிரிப்டை இயக்கும் செயலும் இருக்கின்றன. ஆப்பிள்ஸ்கிரிப்டில் கொடியின் நிறம் 0 முதல் 6 வரையிலான எண். சிவப்பு 0, சாம்பல் 6, கொடியை எடுக்க -1.

எந்தத் தலைப்புத் தரவுகளைச் சோதித்தால் நிறமிடுதல் துல்லியமாகும்?

தலைப்பு வரியிலுள்ள சொற்களைத் துரத்துவதைவிட, மின்னஞ்சலோடு சேர்ந்து வரும், கண்ணுக்குத் தெரியாத தலைப்புப் புலங்கள் நம்பத்தக்கவை. அஞ்சல் குழுக்களிலிருந்து வருபவற்றில் ‘லிஸ்ட் ஐடி’ என்ற புலம் இருக்கும். குழுவின் பெயரோ அனுப்புநரோ மாறினாலும் அது பெரும்பாலும் மாறுவதில்லை. மொத்தமாக அனுப்பப்படும் செய்திமடல்களில் ‘லிஸ்ட் அன்சப்ஸ்கிரைப்’ புலத்தைக் காணலாம். இயந்திரம் அனுப்பிய தானியங்கி மறுமொழிகளை ‘ஆட்டோ சப்மிட்டட்’ புலம் காட்டிக்கொடுக்கும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே ‘பதில் தர வேண்டும்’ வகையைச் சேர்க்காதே என்று நிரலுக்குச் சொல்லிவிட்டால் தேவையற்ற நிறங்களில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

மேலதிகாரியின் பெயர் வந்தால் பச்சை நிறம் தருமாறு அமைத்திருக்கிறேன். சரியா?

ஆபத்தானது. திரையில் தெரியும் பெயரை எவரும் எப்படி வேண்டுமானாலும் இட்டுக்கொள்ளலாம். உங்கள் மேலதிகாரியின் பெயரில் வந்த மோசடி மின்னஞ்சலுக்கு உங்கள் நிரலே நற்சான்று வழங்கிவிடும். குறைந்தது முழு முகவரியைச் சோதியுங்கள். முகவரியையும் போலியாக இடலாம் என்பதால், உங்கள் சொந்த சர்வர் சேர்க்கும் ‘ஆதன்டிகேஷன் ரிசல்ட்ஸ்’ புலத்தில் டிமார்க் சோதனை (அனுப்புநரின் களப்பெயர் போலியானதா என்று பார்ப்பது) தேறியதா என்று பார்ப்பது மேலும் நல்லது. அதே பெயரில் அனுப்புநரே ஒரு புலத்தைச் சேர்த்து அனுப்பியிருக்கவும் கூடும். உங்கள் சர்வரின் பெயரோடு தொடங்குவதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ‘நம்பத்தக்கது’ என்ற பொருளில் எந்த நிறத்தையும் தானாக வழங்காமல் இருப்பதே என் வழக்கம்.

அவுட்லுக்கின் நிபந்தனை வடிவமைப்பும் நிறமிடுகிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. காட்சி அமைப்புகளுக்குள் இருக்கும் இந்த வசதி வரியின் எழுத்து நிறத்தை மாற்றுகிறது. மின்னஞ்சலில் எதுவும் பதியாது. அந்தக் காட்சியில் மட்டும் தெரியும். ஆனால் பட்டியல் காட்டப்படும்போதெல்லாம் நிபந்தனை புதிதாகச் சோதிக்கப்படுகிறது என்பது இதன் தனிச்சிறப்பு. ‘கடந்த 7 நாட்களில் வந்தது’ என்ற நிபந்தனையை ஒரு வகையோடு சேர்த்து அமைத்தால், எட்டாம் நாள் நிறம் தானே அகன்றுவிடும். காலத்தை மட்டும் சார்ந்த தேவைக்கு ஸ்கிரிப்ட் எழுதுமுன் இதை முயன்று பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

குழுவாகப் பகிரும் அஞ்சல்பெட்டியில் நிறங்கள் எல்லோருக்கும் ஒன்றாகத் தெரியுமா?

வகையின் பெயர் எல்லோருக்கும் தெரியும். நிறம் தெரிய வேண்டுமானால் அந்தப் பகிர்ந்த அஞ்சல்பெட்டியின் சொந்த வகைப் பட்டியலில் அது இடம்பெற்றிருக்க வேண்டும். குழுவில் நிறத்துக்கு மிகப் பொருத்தமான வேலை, யார் ஒரு மின்னஞ்சலைக் கையில் எடுத்திருக்கிறார் என்பதைக் காட்டுவது. ஸ்கிரிப்டை ஒரே ஓர் இடத்தில் மட்டும் இயக்குங்கள். நான்கு பேரின் கணினிகளிலும் ஒரே நிரல் இயங்கினால், ஒருவர் நீக்கிய வகையை மற்றொருவரின் நிரல் மீண்டும் ஒட்டும்.

நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்கள் என்ன செய்வது?

வட ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டை அறிவதில் ஏதேனும் குறைபாடு உண்டு. எனவே ‘ஆபத்து சிவப்பு, முடிந்தது பச்சை’ என்ற இணையைத் தவிர்த்து, நீலம், ஆரஞ்சு போன்ற இணைகளைத் தேர்ந்தெடுங்கள். வகைப் பெயரின் முன்னால் ஓர் எண்ணைச் சேர்த்து ‘1 பதில்’, ‘2 காத்திருப்பு’ என்று பெயரிட்டால் நிறம் தெரியாதவர்களும் படித்துக்கொள்ளலாம். பட்டியலும் நீங்கள் விரும்பும் வரிசையில் நிற்கும். வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளும் நிறத்தை மட்டுமே நம்பிச் செய்தியைச் சொல்லக் கூடாது என்றே வலியுறுத்துகின்றன.

பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு இயங்கிவந்த என் பழைய ஐமேப் நிரல் நின்றுவிட்டது. காரணம்?

மைக்ரோசாஃப்டின் நிறுவன அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அந்த வகை உள்நுழைவை 2022 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் படிப்படியாக நிறுத்தியது. கூகுளும் தனிநபர் கணக்குகளில் அதே ஆண்டு மே மாத இறுதியில் நிறுத்தியது. இப்போது எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், நிரலுக்குக் கடவுச்சொல்லைத் தராமல் அனுமதி மட்டும் தரும் ஓஆத் 2.0 வழியாக நுழைய வேண்டும்; ஜிமெயிலிலும் அதுவே பரிந்துரைக்கப்படும் வழி. ஜிமெயிலுக்கு ஆப்ஸ் ஸ்கிரிப்டைப் பயன்படுத்தினால் அனுமதியை ஒரு முறை கொடுப்பதோடு முடிந்துவிடும்.

ஆயிரக்கணக்கான பழைய மின்னஞ்சல்களுக்கும் நிறமிட வேண்டுமா?

நிறம் அடுத்த செயலைக் குறிக்கிறது என்றால், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மின்னஞ்சலுக்கு அடுத்த செயல் என்று ஏதும் இருக்க வாய்ப்பில்லை. கடந்த ஒரு மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிரல் தவறாக நிறமிட்டுவிட்டால் எல்லாவற்றையும் திரும்பப் பெற முடியுமா?

முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால் எளிது. நிரல் தொடும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ‘நிரல் இட்டது’ என்ற நிறமற்ற வகையையும் சேர்த்து வையுங்கள். தவறு நேர்ந்தால் அந்த வகையைத் தேடி, கிடைப்பவற்றிலிருந்து மட்டும் நிறங்களை நீக்கலாம். கையால் இட்டவை தப்பிவிடும். அந்த அடையாளம் இல்லாத நிறத்தைத் தொடக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் நிரலுக்குள் எழுதிவிட்டால், நீங்கள் யோசித்து இட்ட நிறத்தை அது மாற்றாது. புதிய நிரலை முதல் சில நாட்களுக்கு வகையைச் சேர்க்காமல், எதற்கு என்ன நிறம் தந்திருக்கும் என்று பதிவுக் கோப்பில் எழுத மட்டும் விடுங்கள். பதிவைப் பார்த்துத் திருத்திய பின் உண்மையாக இயக்கலாம். நிறமிடும் நிரலுக்கு மின்னஞ்சலை நீக்கவோ நகர்த்தவோ அதிகாரம் தேவையில்லை. அந்தக் கட்டளைகள் அதில் இடம்பெறவே கூடாது.